பயத்தை முதலில் சொல்லச் சொன்னவர்

செய்தியைச் சொன்னவர் கன்னியம்மா. காலை முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், மீன் கூடையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம் நேத்து பொழுதோட போயிட்டாரு டீச்சர். உங்களுக்குச் சொல்லிடச் சொல்லி அஞ்சலை அனுப்புச்சி."

எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து முதலில் வந்தது, "கழுத்தாலயா?" என்ற கேள்விதான்.

கன்னியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கழுத்தால யாருனா சாவாங்களா? நெஞ்சு வலிக்குதுனு சொன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள பூட்டாரு."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அவரைக் கொண்டுபோனது எங்கள் இருவருக்கும் பொதுவான நோய் இல்லை என்ற நிம்மதி. பிறகுதான் வெட்கமும் அழுகையும் வந்தன. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவற்றை மறைக்காமல் சொல்ல எங்களைப் பழக்கியவரே அவர்தான்.

எனக்கு முப்பத்தொரு வயதில் அது தொடங்கியது. திருப்பாலைவனம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. நேராக்கினேன். மறுபடியும் திரும்பியது. ஒரு மாதத்தில், இடது தோளைப் பார்த்தபடிதான் நடக்க முடிந்தது. கழுத்துத் தசை கயிறு முறுக்குவது போல இழுக்கும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். அவர்கள் சிரித்ததே தேவலை என்று இருந்தது. மீஞ்சூரில் நான் பார்த்த வைத்தியர், நரம்பில் ஒன்றும் இல்லை, மனதில்தான் ஏதோ இருக்கிறது என்றார். என் மாமியாரோ, ஏதோ என்னைப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் பிடரியில் சூடு போடுகிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வண்டிக்கும் சொல்லி வைத்தார். சென்னையில் மில் வேலையில் இருந்த என் கணவர், அம்மா சொல்கிறபடி செய் என்று கடிதம் எழுதினார்.

அந்த வாரம் கடைசியாக ஒரு தடவை அதே வைத்தியரைப் பார்த்துவிட்டு மீஞ்சூரில் பேருந்துக்குக் காத்திருந்தேன். முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தேன். எதிரே வலை நூல் கட்டுகளைத் தோளில் போட்டபடி ஒருவர் நின்றிருந்தார். ஒரு விரலை மட்டும் தாடையில் வைத்திருந்தார், பல்வலிக்காரர் போல. அவர் என் அருகே வந்து, "எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டார்.

வேறு யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்கள். "இடப்பக்கம்" என்றேன்.

"எனக்கு வலது. ஆறு வருஷமா கீது. இத பாருங்கோ" என்று தாடையிலிருந்து விரலை எடுத்தார். தலை மெல்ல வலப்பக்கம் திரும்பி மேலே தூக்கிக்கொண்டது. விரலை வைத்தார். தலை நேரானது. "அழுத்தத் தேவையில்ல. சும்மா தொட்டாப் போதும். எப்பிடினு எனக்குத் தெரியாது."

நானும் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். தலை நேராக வந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். என் சொல்லைக் கேட்காத தலை என் விரலின் சொல்லைக் கேட்டது. அப்படியானால் எனக்குள்ளே வேறு யாரோ இருப்பதாக மாமியார் சொல்வது உண்மைதானோ என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத மனிதரிடம், பேருந்து நிறுத்தத்தில்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சி. சூடு போட நாள் குறிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

நாளையும் ஊரையும் சொன்னேன். அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் ஏகாம்பரமும் அவர் மனைவி அஞ்சலையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பேருந்தில் வந்திருந்தார்கள். "யாருப்பா நீ?" என்று மாமியார் கேட்டார்.

"உங்க மருமகளுக்குக் கீற நோவுதாம்மா எனக்கும்" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். பிடரியில் மூன்று தழும்புகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம் இருக்கும்.

"மொதோ சூடு எங்க நைனா போட வச்சாரு. ரெண்டாவது ஊருல சொல்லிப் போட்டாங்க. மூணாவது நானே போயி கேட்டு வாங்கினேன்."

"அப்புறம் நின்னுச்சா?"

"நிக்கலம்மா. சீழ் வச்சி ரெண்டு மாசம் ஜுரத்துல கெடந்தேன். கழுத்து அப்பிடியேதான் கீது."

மாமியார் தழும்புகளை அருகில் வந்து பார்த்தார். பிறகு, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். "இப்ப நெனச்சாலும் நடுங்குது. பாருங்கோ."

வண்டி வேண்டாம் என்று மாமியாரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அடுப்படியில் என்னிடம், "எனக்கு மட்டும் பயம் இல்லையா? உன் தலை முழுசா பின்னால திரும்பிடுமோனு பயந்துதான் அங்க போக வண்டிக்குச் சொன்னேன்" என்றார். அதுவரை அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை முதலில் அழைத்துப் போனதும் ஏகாம்பரம் தம்பதிதான். நரம்பு வைத்தியர் ஒரு பெயர் சொன்னார்: டிஸ்டோனியா. மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவு தப்பாகப் போகிறது, பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, உயிரை எடுக்காது, முழுக்கக் குணமாகும் என்றும் சொல்ல முடியாது என்றார். திரும்பும் ரயிலில் நான் அந்தக் கடைசி வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். "பேரு தெரிஞ்சிடுச்சி இல்ல, அது போதும் இன்னிக்கு" என்றார் அவர்.

மாத்திரைகள் எளிதாக இருக்கவில்லை. எனக்கு வாய் வறண்டது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவர் ஒரு நாள் படகிலேயே தூங்கி விழப் பார்த்தார். உடனிருந்த மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் அம்மா ஒருவர் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துத் தலையை மெல்லத் திருப்பப் பழக்கினார். சித்த வைத்தியரின் எண்ணெய் இரண்டு நாளைக்குத் தசையை இளக்கும். மூன்றாம் நாள் பழையபடி ஆகும். அந்த இரண்டு நாளும் லாபம்தானே என்பார் ஏகாம்பரம். எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை. எதையும் முயன்று பார்க்காமல் விட்டதும் இல்லை.

ஏரியை மருந்தாகக் கண்டுபிடித்தவர் அவர். மல்லாந்து மிதந்தால், காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் கழுத்து இழுப்பதை நிறுத்திவிடுகிறது என்று சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். ஒரு ஞாயிறு காலை அஞ்சலை என்னை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, முதுகுக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்தார். ஏகாம்பரம் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், நான் கூச்சப்படக் கூடாது என்று. நான் அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கால் சேற்றில் புதைந்தது, தண்ணீர் மூக்கில் ஏறியது, போதும் கரைக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

கரையிலிருந்து அவர் குரல் வந்தது. "மொதோ நாள் நானும் பயந்தேன் டீச்சர். தண்ணில பொறந்தவன், தண்ணிக்குப் பயந்தேன். பயந்துகினே படுங்கோ. பயம் போனப்புறம் படுக்கலாம்னா முடியாது."

பயந்துகொண்டே படுத்தேன். காதுக்குள் தண்ணீர் நிறைந்து எல்லாச் சத்தமும் நின்றது. கழுத்தில் இருந்த முறுக்கு ஒவ்வொரு இழையாக விட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு நேராக வானத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து நின்றதும் தலை இடப்பக்கம் திரும்பிவிட்டது. ஆனாலும் நேராக இருப்பது என் கழுத்துக்கு இன்னும் மறந்துவிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பழவேற்காட்டில் கதீஜாக்கா வீட்டு முன்னறையில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் கூடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதே நோயில் கதீஜாக்காவுக்குக் கண் இமைகள் தானாக இறுக மூடிக்கொள்ளும்; சில நாட்கள் மகளின் கையைப் பிடித்துத்தான் நடப்பார். மீஞ்சூர்த் தையல்காரர் மணிக்கு ஊசியைப் பிடித்தால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். நாங்கள் நான்கு பேர். ஏகாம்பரம் ஒரே ஒரு விதி வைத்தார்: மருந்து, வைத்தியம் எல்லாம் அப்புறம், இந்த மாதம் எதுக்குப் பயந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கதீஜாக்கா, அடுப்பு எரியும்போது கண் மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்ததைச் சொன்னார். மணி, கடை கைவிட்டுப் போய்விடுமோ என்றார். நான், பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் வேலை போய்விடும் என்றேன். "சொன்னா பயம் கொறையாது. ஆனா நாலு பேரு மேல பரவிக்கும்" என்பார் அவர்.

பிறகு அவரே இரண்டு மாதம் வரவில்லை. நானும் கதீஜாக்காவும் குப்பத்துக்குப் போனோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நோய் கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. நடந்தால் உடம்பு வில்லாக வளைந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்பதைக் குப்பத்தில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். அவருடைய பாட்டை ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்டவன் படகில் ஏறினால் கூட இருப்பவனுக்கும் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள்.

"இது எங்க வரிக்கும் போகும் டீச்சர்?" என்று கேட்டார். அவருடைய இடுப்பில் நான் பார்த்தது என் நாளையை. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கண் மூடியபடியே உட்கார்ந்திருந்த கதீஜாக்கா, "நீங்க வச்ச விதிதானே அண்ணே. நீங்களும் மொதல்ல பயத்தச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். வெகு நேரம் சொன்னார். அஞ்சலை அதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்.

உடற்பயிற்சி அம்மாவிடம் மறுபடி போனோம். அவர், பின்னால் நடந்து பாருங்கள் என்றார். ஏகாம்பரம் பின்னால் அடி எடுத்து வைத்தார். உடம்பு நேராக நின்றது. அந்த நோயில் சிலருக்கு அப்படி ஆகும் என்று அந்த அம்மா சொன்னார். ஆஸ்பத்திரி நடைவழியில் ஏகாம்பரம் பின்னோக்கியே போய் வந்தார், அழுதுகொண்டே. ஆனால் குப்பத்தில் அப்படி நடக்க மாட்டேன் என்றார். பேய் நடை என்பார்கள் என்று பயந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது நானும் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே, தாடையில் விரலை வைத்துக்கொண்டு, குரல் நடுங்க, வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். மூத்தவர் ஒருவர், "டீச்சரம்மா, நீங்க சொல்றது இருக்கட்டும். அவன் படகு வரிக்கும் நடப்பானா?" என்றார். ஏகாம்பரம் எழுந்தார். கூட்டத்தைப் பார்த்தபடியே, பின்னோக்கி, கரை வரைக்கும் நடந்தார். ஓரத்தில் நின்ற பெண்கள் சிலர் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். படகின் விளிம்பு முதுகில் இடித்ததும் கையை ஊன்றி உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

பாடு அவர் பெயருக்குத் திரும்பி வரவில்லை. மைத்துனரின் படகில், வலது பக்கம் வலை இறக்குகிறவராகப் போகலாம் என்று விட்டார்கள். அவர் தலை எப்படியும் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது. கடைசி வாரம் வரை போனார்.

கன்னியம்மா சொன்ன அன்று, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. பெஞ்சில் கிடத்தியிருந்தவரின் கழுத்து நேராக இருந்தது. யாரோ தெரியாத ஒருவரை நான் பார்ப்பது போல இருந்தது. எனக்கு அவரிடமே பயமாக இருந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்து அருகே கொண்டுபோனார்.

"தூங்கறப்ப எப்பவும் இப்பிடித்தான் இருப்பாரு டீச்சர். நீங்க பாத்ததில்ல."

அவரிடமிருந்து எனக்குத் தங்கிய பழக்கம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கதீஜாக்கா வீட்டில் உட்காரும்போது அவர் எங்கள் இடங்களை மாற்றிக்கொண்டே இருப்பார். எந்தப் பக்கம் கழுத்து திரும்புகிறதோ, அந்தப் பக்கம் நமக்கு வேண்டிய முகம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "திரும்பறது திரும்பட்டும். அங்க யாரு கீறாங்கனு நாம பாத்துக்கலாம்" என்பார். இன்னும் எனக்குக் கழுத்து திரும்புகிறது. இடுப்புக்கு எப்போது இறங்கும் என்ற பயமும் போகவில்லை. வகுப்பில் என் நாற்காலியை, எனக்கு வலப்பக்கம் சுவர் வரும்படி போட்டுக்கொண்டிருக்கிறேன். தலை தானாகத் திரும்பும் பக்கத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.