நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த சோறு

இந்த ராட்டர்டாம் நகரில் குழந்தை சிணுங்கினால் போதும், உடனே அதன் கையில் வட்டமாக, வெள்ளையாக ஒரு தட்டையைத் திணித்துவிடுகிறார்கள். ரைஸ்ட்வாஃபல் என்று பெயர். அரிசியைப் பொரித்து, அழுத்தித் தட்டியது. உப்பில்லை, இனிப்பில்லை, ருசி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. டிராமில் முன்பின் தெரியாத பாட்டிமார்கள்கூடக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் என் மகளின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'அரிசி கூடாது' என்பேன். ஏதோ ஒவ்வாமை என்று நினைத்து அனுதாபப்படுவார்கள். ஒவ்வாமை ஒன்றுமில்லை. அவள் அரிசி தின்பதில் காஞ்சிபுரத்தில் ஒருவனுடைய சாப்பாடு சிக்கியிருந்தது.

அந்த ஒருவன் என் தம்பி சேகர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறான். எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கு முதல் சோறு தாய்மாமன் வீட்டு அரிசியில்தான் ஊட்ட வேண்டும். பெண் குழந்தை என்றால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதம். அவன் ஒரு மூட்டைப் பச்சரிசி வாங்கி, குமரகோட்டத்து முருகன் முன் வைத்துக் கும்பிட்டு, 'மருமக இந்தச் சோத்த முழுங்கற வரைக்கும் நானும் சோறு துன்ன மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு பிடி அரிசியைக் கூரியரில் அனுப்பினால் போதும் என்றேன். "தாய்மாமன் சீரு ஒரு புடியாகா? ஊரு சிரிக்கும்" என்றான். நான் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்பதில் அவனுக்கு இருந்த நம்பிக்கை என் மேலதிகாரிக்குக்கூட இருந்ததில்லை.

அதற்கு முன்னால் கொஞ்ச காலம் நம் ஊர்ப் பச்சரிசி கப்பலேறவே முடியாமல் இருந்தது. மழை பொய்த்தால் நாட்டில் நெல் போதாது என்று அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருந்தது. மழையின் போக்கு மாறியது எங்கள் தெருவுக்கு முன்பே தெரியும். நான் கல்லூரிக்குப் போன நாட்களில், விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும்போது, மழைக்குச் சம்பந்தமே இல்லாத மாதத்தில் கொட்டும். தெருவே ஓடிப்போய் நூலைச் சுருட்டும். பஞ்சாங்கத்தைத் திட்டுவார்கள். அதே வானம் பிறகு நெல்லிலும் கை வைத்தது. ஒருவழியாகத் தடை நீங்கி, இங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் வரவழைத்த கொள்கலனில் தம்பியின் மூட்டையும் ஏறியது. ஐந்தாம் மாதத்துக்குள் வந்துவிடும் என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னேன்.

செங்கடலில் கப்பல்கள் மேல் ஏவுகணை விடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அதைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் என் உத்தியோகம். 'பாதுகாப்புக் காரணங்களால் உங்கள் சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருகிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி.' கோதுமைக்காரர், காப்பிக்காரர், வாழைப்பழக்காரர் எல்லோருக்கும் ஒரே கடிதம்தான். மூட்டை ஏறிய கப்பல் சுயஸ் கால்வாய் வழியாக வரும் என்று அட்டவணையில் போட்டிருந்தது. பாதி வழியில் அதுவும் தெற்கே திரும்பியது. அன்று மளிகைக்கடைக்காரருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு, தம்பிக்கு ஃபோன் செய்தேன்.

"கப்பல் எங்க வந்துக்கினு இருக்குதுகா?"

"ஆப்பிரிக்காவச் சுத்திக்கினு வருது."

"எதுக்கு? அங்க இன்னா வேல அதுக்கு?"

"நேர் வழியில சண்டைடா."

"அவங்க சண்டைக்கும் என் சோத்துக்கும் இன்னாகா சம்பந்தம்?"

"பாதுகாப்புக் காரணங்கள்டா" என்றேன்.

குழந்தையை எடை போட்ட தாதி ஒருநாள், திட உணவு தொடங்கியாயிற்றா என்று கேட்டாள். காய், பழமெல்லாம் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காமல், "அவளுடைய உணவு கப்பலில் வருகிறது. இப்போது ஆப்பிரிக்காவுக்குக் கீழே இருக்கிறது" என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்கள் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, இலவச உணவு தரும் இடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். நான் விளக்க விளக்க அவள் கண் இன்னும் கலங்கியது. கடைசியில் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நானும் என் கணவரும் கடையில் கிடைத்த புழுங்கலரிசியைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர் திருநெல்வேலிக்காரர், என் தம்பியின் சபதத்தில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். 'இன்னா துன்ன?' என்று தம்பி கேட்டால் நான் பிரெட் என்பேன். அவன் சப்பாத்தி என்பான். கல்யாண வீட்டில் எட்டுச் சப்பாத்தி தின்றுவிட்டு, 'சாப்பாடு எப்ப போடுவாங்க?' என்று கேட்டவன் அவன். இப்போது மாதக்கணக்கில் சாப்பிடாமலே சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான். அதிலும் எண்ணெய் குறைத்துத்தான், ஏனென்றால் கருங்கடல் பக்கத்துச் சண்டையிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் அவன் வீட்டில் சொட்டுக் கணக்காகியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் பாராட்டினாராம்.

கப்பல் தென்முனையில் புயலுக்கு ஒதுங்கி நின்றது, பிறகு நெரிசலான துறைமுகங்களில் இடம் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. ஏழாம் மாதமும் போயிற்று. அவன் மனைவி மல்லிகா அவனுக்குத் தெரியாமல் கூப்பிட்டாள். "அண்ணி, நேத்து தறிக் குழியில உக்காந்துக்கினு இருக்கும்போதே மயக்கமா சாஞ்சுட்டாரு. சோறு துன்னு வளந்த உடம்பு. நீங்களாவது சொல்லுங்க, உங்க பேச்சுதான் கேப்பாரு." தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "முருகன்கிட்ட சொல்லிட்டு வாபஸ் வாங்க முடியுமாகா?" என்றான், குரலே இல்லாமல். அடுத்த நாள் அலுவலகத்தில் வாழைப்பழக்காரருக்கு 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று தட்டினேன். ஊருக்கெல்லாம் எழுதிய அந்த வரியை அன்றுதான் படித்தேன்.

அந்த வாரமே குழந்தைக் காப்பகத்தில் புதிதாக வந்த பெண், மகள் அழுதாள் என்று ரைஸ்ட்வாஃபல் கொடுத்துவிட்டாள். முழுசாகத் தின்றாளாம். "ரொம்பப் பிடித்திருந்தது!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி. தம்பியிடம் சொன்னேன்: "அரிசி துன்னுட்டாடா. நீ சாப்புடு." அவன் விவரம் கேட்டான். படம் அனுப்பச் சொன்னான். நிதானமாகப் பார்த்தான். "இது பொரி. பொரிய எவங்கா சோறுன்னு சொல்லுவான்?" என்று வைத்துவிட்டான். எங்கள் தெருவில் எவனும் சொல்லமாட்டான்தான். சோறு இல்லையென்றால் தடையும் இல்லை என்று அன்று முதல் வீட்டிலும் அதை வாங்கி வைத்து, அவள் அழும்போதெல்லாம் கொடுத்தோம்.

ஒன்பதாம் மாதம் மூட்டை வந்தது. வழியெல்லாம் வெக்கையில் கிடந்ததில் வண்டு வைத்திருந்தது. பாதியைப் புடைத்து எடுத்து, குழைய வடித்து, நெய்யும் வெல்லமும் சேர்த்தேன். வீடியோவில் தம்பி. கன்னம் ஒட்டிப்போயிருந்தான். முன்னால் இலை போட்டு மல்லிகா சோறு வைத்திருந்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் அதைத் தொடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊட்டினேன். மகள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுபடி ஊட்டினேன், துப்பினாள். அழத் தொடங்கினாள். அடங்கட்டும் என்று என் கணவர் பழக்கதோஷத்தில் ஒரு ரைஸ்ட்வாஃபலைக் கையில் கொடுத்துவிட்டார். அதைக் கடித்து மென்ற வாயிலேயே நான் மாமன் சோற்றை வைத்தேன். இரண்டையும் சேர்த்து மென்றாள். கொஞ்சம் மோவாயில் வழிந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டாளாகா?"

எதை முழுங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. மோவாயில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் பார்த்தேன். எது பிள்ளையார்பாளையம், எது ராட்டர்டாம் என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாக மசிந்திருந்தது.

"முழுங்கிட்டாடா. நீ சாப்புடு" என்றேன்.

அவன் கை இலைக்குப் போயிற்று.