ஆறு நைலோன் வளையங்கள்

சாச்சியின் கமராவில் இருந்த லென்ஸ் தூங்கி விழும். கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் நடக்கும்போது, ஜும்ஆப் பிரசங்கத்தில் கண்ணயர்ந்தவரின் தலை மெல்ல மெல்லச் சரிவதைப் போல, லென்ஸின் முன்பாகம் தானாகவே நழுவி முழு நீளத்துக்கும் இறங்கிவிடும். சாச்சி உள்ளங்கையால் அதை உள்ளே தள்ளுவாள். பத்தடி நடப்பதற்குள் மறுபடியும் சரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கற்பிட்டியில், களப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் வீட்டில் உம்மா, வாப்பா, நான், உம்மாவின் தங்கையான சாச்சி என நான்கு பேர் இருந்தோம். சாச்சி கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். படம் எடுக்க வரும் ஆண்கள் வாசலோடு நின்றுவிடுகிற இடத்துக்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போவாள். தனியாகப் போகக்கூடாது என்பதால் துணைக்கு நான். ஒன்பது வயதுக்காரியைத் துணைக்கு அனுப்புவதில் இருந்த வேடிக்கை அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்குக் கலியாண வீடுகளில் தின்ன வட்டிலாப்பம் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்த லென்ஸ் கட்டாரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் பாவித்துக் களைத்துக் கொடுத்தது. அதைச் சுற்றியிருந்த றப்பர் வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். மறுபக்கம் திருப்பினால் விலகிப் போகும். வேலையில்லாத பின்னேரங்களில் சாச்சி கமராவை என் கையில் தருவாள். களப்புக்கு அப்பால் ஒரு கோடாய்க் கிடக்கும் உச்சமுனைத் தீவை நான் கிட்டக் கொண்டுவருவேன். தென்னைகளும் கரையேற்றிய வள்ளங்களும் காயப்போட்ட வலைகளும் தண்ணீரில் மிதந்தபடி என்னிடம் வரும். அந்தத் தீவு உண்மையிலேயே நகர்கிறது என்றும், அங்கேயிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரம் லேசாகத் தலை சுற்றும் என்றும் நான் நம்பினேன். அதனால் எப்போதும் மெதுவாகத்தான் திருப்புவேன்.

எங்கள் ஊரில் சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணல் எல்லாவற்றுக்குள்ளும் புகும். காலையில் தின்னும் பாணுக்குள், தலையணைக்குள், மூடி வைத்த அலுமாரிக்குள். லென்ஸுக்குள்ளும் போனது. வளையத்தைத் திருப்பும்போது பல் கடிப்பது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. சாச்சி பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு பட்டை வெட்டி, சரியும் பாகத்தை இறுக்கிக் கட்டினாள். படம் எடுக்கும்போது பட்டையைத் தள்ளி, எடுத்ததும் மீண்டும் இழுத்துவிடுவாள். ஒருநாள் பட்டை அறுந்துபோக, என் தலைமுடியைக் கட்டியிருந்த சிவப்பு றப்பரை உருவி மாட்டினாள். அன்று முழுவதும் நான் தலைவிரிகோலமாய் அலைந்தேன்.

பிறகுதான் கனமூலை என்ற ஊரில் அந்தக் கலியாணம் வந்தது. மணமகளின் ராத்தா, அதாவது அக்கா, வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தாள். சகோதரிகள் இருவரையும் கதிரைகளில் உட்கார வைத்து, கன்னத்தோடு கன்னம் சேர்த்து, சாச்சி நிறையப் படங்கள் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது மணமகளின் கண்மை வரை துலக்கமாக இருந்தது. இடது பக்கம் இருந்த ராத்தாவின் முகம் மட்டும் பனிக்குள் நிற்பது போல மங்கிக் கிடந்தது. எல்லாப் படத்திலும் அப்படித்தான். உள்ளே ஏதோ தேய்ந்து, லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது.

படங்களைக் கொடுக்கப் போன அன்று ராத்தா விமானம் ஏறியிருந்தாள். மணமகள் சண்டை பிடிக்கவில்லை. படத்தை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, “ராத்தாட முகம் வரல்லையே,” என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் சாச்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். உப்பளங்களில் வெயில் துண்டு துண்டாய்க் கிடந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடியை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

கொழும்பில் ஒரு கடைக்கு லென்ஸை அனுப்பினாள். உட்குழாய் வழுக்கி ஓடுவதற்கு வைத்திருக்கும் சின்ன வளையங்கள் தேய்ந்துவிட்டன, அந்த மாடலுக்கு இனி உதிரிப்பாகம் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாச்சி அதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தாள். புதிதாக வந்த கலியாணங்களுக்கு வர முடியாது என்று சொன்னாள். சாப்பிடும்போது அவளுடைய விரல்கள் சோற்றில் இல்லாத வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

“இஞ்ச கொண்டா தங்கச்சி, பாப்பம்,” என்றார் வாப்பா.

வாப்பா வள்ளங்களின் இஞ்சின் திருத்துகிறவர். வீட்டோடு ஒட்டிய ஓலைக் கொட்டில்தான் அவருடைய கராஜ். தூரத்தில் வரும் வள்ளத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்வார். “ஏலாது” என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

ஒரு பின்னேரம் பழைய வேட்டியொன்றை மேசையில் விரித்து அவர் லென்ஸைக் கழற்றினார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். றப்பரை உரித்ததும் கீழே ஆறு சின்னத் திருகாணிகள். கமராவில் பொருத்துவதற்கான வெள்ளைப் புள்ளியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து, முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டார். ஒவ்வொரு திருகாணியிலும் பயறளவு வளையம் ஒன்று கோத்திருந்தது. உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து கிடந்தன. ஒன்று இரண்டாகவே பிளந்திருந்தது. உட்குழாயிலிருந்து கற்பிட்டி மணல் கொஞ்சம் வேட்டியில் கொட்டியது.

“கடற்கரையே இதுக்குள்ளதான் இருக்கு,” என்றார் வாப்பா.

வள்ளத்துச் சுக்கானுக்குப் போடும் வெள்ளை நைலோன் கம்பியொன்றை ட்ரில்லில் பூட்டி, சுழலவிட்டு, அரத்தால் தொட்டுத் தொட்டு ஆறு வளையங்கள் கடைந்தார். குழிகள் எல்லாம் ஒரே அளவில் தேயவில்லை என்பதால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி அரத்தில் உரசினார். நைலோன் தூள் பூப்போலப் பறந்து அவருடைய தாடியில் தங்கியது. கழற்றிய முன்கண்ணாடியை என் கையில் தந்திருந்தார். நான் அதன் வழியாகப் பார்த்தபடி இருந்தேன். கொட்டிலும் களப்பும் வேலியோரம் நின்ற இரண்டு கழுதைகளும் வளைந்து, கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருந்தன. தூக்கம் வருவதற்கு முன் வரும் நேரம் போல இருந்தது அந்தப் பின்னேரம் முழுவதும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து வாப்பா வளையத்தைத் திருப்பினார். சத்தமே இல்லை. பாலுக்குள் கரண்டி திரும்புவது போலத் திரும்பியது. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தார். அது சரியவில்லை. வாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நேரம்தான் உம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். லென்ஸைப் பார்த்தாள், வாப்பாவின் சிரிப்பைப் பார்த்தாள், கோப்பையை மேசையில் வைத்தாள்.

“திருத்திட்டீங்களா?”

“ஓம். நல்லா வந்திச்சு.”

தாயில்லாத தங்கையைத் தன் கையால் தலைவாரி வளர்த்தவள் அவள். “புத்தளத்து ஆக்கள் வெள்ளிக்கிழமை பொண் பாக்க வாறாங்க,” என்றாள். “கமராவ விட்டிட்டா தங்களுக்கு ஒரு குறையும் இல்லயெண்டு சொல்லியனுப்பியிருக்காங்க. அவள்ட்ட எப்படிச் சொல்றதெண்டு நான் நித்திர இல்லாம இருந்தன். லென்ஸ் தானாப் போச்சு. அல்லாஹ்வே ஒரு வழி காட்டியிருக்கான். அத நீங்க திருத்திக் குடுக்கப் போறீங்களா?”

“அவ கேட்டாளே.”

“நானும்தான் கேக்கிறன்,” என்றாள் உம்மா. அவளுடைய குரல் உடைந்தது.

அவள் போன பிறகு வாப்பா தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. பிறகு லென்ஸை மறுபடியும் கழற்றினார். புதிய வளையங்களை எடுத்துவிட்டு, தேய்ந்த பழையவற்றையே திரும்பப் போட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர்கள் கழற்றுவார்கள், பூட்டுவார்கள், மறுபடி கழற்றுவார்கள். அது அவர்களுடைய வேலை.

எடுத்த ஆறு வளையங்களையும் அவர் எறியவில்லை. ஊசியொன்றைத் தீயில் காட்டி, முதல் வளையத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு புள்ளி என்று ஆறு வரைக்கும் குத்தினார்.

“இதென்ன வாப்பா?”

“மணிக்குப் பூப் போட வேணாமா?” என்று என் உள்ளங்கையில் வைத்தார். “கோத்துக் கையில கட்டிக்க. ஒண்டும் தொலையப்படாது.”

சாச்சியிடம் லென்ஸைக் கொடுக்கும்போது வாப்பா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. “என்னால ஏலாமப் போச்சு தங்கச்சி,” என்றார். அதில் பொய் இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. சாச்சி, “பரவால்ல மச்சான்,” என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் எனக்குத் தலைவாரிவிடும்போது என் மணிக்கட்டில் நூலில் கோத்திருந்ததைக் கண்டாள்.

“இது எங்கால புள்ள?”

“வாப்பா செஞ்சது. லென்ஸுக்குள்ள போட்டாரு. சத்தமில்லாம வடிவாச் சுத்திச்சு. உம்மா வந்து கதைச்சிட்டுப் போன பொறகு கழட்டி எனக்குத் தந்தாரு. பூவும் போட்டாரு, பாருங்க.”

சீப்பு என் தலையிலேயே நின்றது. சாச்சி என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளை எண்ணினாள். ஆறாவது வளையத்துக்கு வந்ததும் அவளுடைய கண்கள் நிறைந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள்.

உம்மாவின் தையல் மெஷினுக்குரிய சின்ன ஸ்குரு ட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்து, அறைக் கதவைச் சாத்தினாள். எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. “வெள்ளைப் புள்ளியில இருந்து,” என்றேன். முட்டைத் தட்டுக்குப் பதிலாக நான் என் பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாக என் விரலிடுக்குகளில் செருகினாள். என் மணிக்கட்டு நூலை அறுத்து, புள்ளிகளின் வரிசைப்படி வளையங்களை மாட்டினாள். இரண்டு முறை பிழையாகப் போனது. மூன்றாவது முறை, மஃரிப் பாங்கு சொல்லும் நேரம், லென்ஸின் றப்பர் வளையம் சத்தமில்லாமல் திரும்பியது.

வெள்ளிக்கிழமை புத்தளத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயும் இரண்டு சகோதரிகளும் வந்தார்கள். சாச்சி தலையை மூடிக்கொண்டு சர்பத் கொடுத்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். உம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. பிறகு சாச்சி உள்ளே போய்க் கமராவோடு வந்தாள்.

“மாமி, உங்க மூணு பேரையும் ஒரு படம் எடுக்கட்டா?”

உம்மா கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாய் முக்காட்டைச் சரி செய்தார். மகள்மார் அவரை ஒட்டி நெருங்கினார்கள். சாச்சி வளையத்தைத் திருப்பினாள். தன் கண்ணுக்குள் அவர்களை மெதுவாகக் கிட்டக் கொண்டுவந்தாள். படத்தைப் பார்த்த அந்தத் தாய், “சீ, இது நானா?” என்று சின்னப் பெண்ணைப் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்தப் படத்தை மட்டும் அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

உம்மா ஒரு மாதம்வரை சாச்சியோடு சரியாகக் கதைக்கவில்லை. சாச்சி மீண்டும் கலியாண வீடுகளுக்குப் போனாள், நானும் போனேன். நான்கு வருடங்கள் கழித்து, எலுவன்குளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். கமராவை விடச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று சாச்சி சொல்வாள்.

சம்பந்தம் முறிந்த செய்தி வந்த அன்று பின்னேரம் நடந்ததுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வாப்பா கொட்டிலில் ஓர் இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாச்சி கமராவோடு போய் அவர் பக்கத்தில் நின்றாள். லென்ஸை அவருடைய காதருகே கொண்டுபோய் வளையத்தைத் திருப்பினாள். சண்டை வரப்போகிறது என்று நான் கதவோரம் ஒளிந்து நின்றேன். வாப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவள் மறுபக்கம் திருப்பினாள். அதையும் கேட்டார்.

“கிரீஸ் கொஞ்சம் தொட்டு வைக்கலாம்,” என்றார். “கூடப் போடாத. கண்ணாடிக்கு ஆகாது.”

“சரி மச்சான்,” என்றாள் சாச்சி.

அவ்வளவுதான். அவர் இஞ்சினுக்குத் திரும்பிவிட்டார், அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்குப் பெரிய ஏமாற்றம். தூரத்து வள்ளத்தின் நோயைச் சத்தத்தை வைத்தே சொல்கிற வாப்பாவுக்கு, தான் கடைந்த வளையங்கள்தான் அதற்குள் ஓடுகின்றன என்பது விளங்கவில்லையே என்று நினைத்தேன். அவருக்காகக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அவர் மனம் நோகக்கூடாது என்று, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.