கன்னியம்மாள் விட்டுவைத்த சிவப்புக் கோடு

கன்னியம்மாள் அக்கா பயப்படாத ஆளே இந்த ஊரில் கிடையாது. கரண்ட் கணக்கெடுக்க வருகிற பையனைப் பார்த்தால்கூட எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் பேனா இருந்தால் போதும், அக்காவுக்கு அவர் சார். மலை சுற்றுகிற பாதையில் ஒரு மடத்தில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிற வேலை. கணவர் பலராமன் ஆட்டோ ஓட்டுகிறார். வேங்கிக்கால் தாண்டி, கூட்ரோட்டை ஒட்டி முன்னறை, உள்ளறை, சமையல்கட்டு என்று ஒரு வீடு. இருவரும் சேர்ந்து உருப்படியாகச் செய்தது அந்த வீடு ஒன்றுதான் என்று பலராமனே சொல்வார்.

எதிர்ச்சாரியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. அந்தச் சாரியில் யாரும் கை வைக்கவில்லை. அதனால்தான் இதையெல்லாம் நான் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

அந்தக் கூட்ரோட்டில் மூன்று பக்கமிருந்தும் பஸ்ஸும் லாரியும் வந்து முட்டிக்கொள்ளும். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரவுண்டானா வேண்டும், ரவுண்டானா வேண்டும் என்று கத்தியவர்களில் எங்கள் தெருவும் உண்டு. அதற்கான இடம் எங்கிருந்து வரும் என்று அப்போது ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் நெடுஞ்சாலைக்காரர்கள் முக்காலி வைத்த கருவியோடு வந்து அளந்தார்கள். ஆறு வீடுகளின் பக்கச் சுவரில் சிவப்பு பெயின்டால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு ரோட்டுப் பக்கம் இருப்பதெல்லாம் போகும். அக்கா வீட்டில் முன்னறை முழுசும், உள்ளறையில் பாதியும்.

"இன்னும் பிளான் முடிவாகல, மாறினாலும் மாறும்" என்றார் சின்ன இன்ஜினியர். "அதுவரைக்கும் இதை யாரும் அழிக்கக் கூடாது."

முதலில் சொன்னதைத் தெரு பிடித்துக்கொண்டது. இரண்டாவது சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டார்.

அந்தச் சுவரோரம் துணி காயப்போடுவதை நிறுத்தினார். சாய்த்து வைத்திருந்த சைக்கிளை நகர்த்தினார். மழை பெய்தால் கோடு கரைகிறதா என்று வெளியே வந்து பார்த்தார். எங்கேயாவது ஜேசிபி சத்தம் கேட்டால் கொதிக்கிற வெந்நீரை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவார். பலராமன் முன்னறையில் படுத்தால், "அங்க வேணாங்க, உள்ள வந்து படுங்க" என்பார். சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டார். வீடு முழுசாக நின்றுகொண்டிருக்கும்போதே அவர் சமையல்கட்டில் மட்டும் குடியிருந்தார்.

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு எங்கள் தெருவில் எல்லாரும் வெள்ளையடிப்போம். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள்தான் அந்த யோசனையைக் கொடுத்தவர்.

"கோடு இருந்தாதானே இடிப்பான்? சுரண்டிட்டு மேல சுண்ணாம்பை அடிங்க. தீபத்துக்கு வெள்ளையடிச்சோம், மறைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். சாமி காரியத்தை எவன் கேப்பான்?"

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு நியாயம் கிடையாது. ஐந்து வீட்டில் கோடு காணாமல் போனது. அக்காவும் வெள்ளையடித்தார். ஆனால் கோட்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிட்டு அடித்தார். வெள்ளைச் சுவரில் பழைய அழுக்குக்கு நடுவே அந்தச் சிவப்பு முன்னைவிட ஜாஸ்தியாகவே பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாடி இது, சாமி படத்துக்கு ஃபிரேம் போட்ட மாதிரி?" என்றார் ஜோதியம்மாள்.

"அழிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேக்கா."

தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். ஐந்து வீட்டிலும் கோட்டைத் தேடி எரிச்சலானார்கள். அக்கா வீட்டுச் சுவரைக் கண்டதும் பெரிய அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கிருந்து டேப்பை இழுத்துப் பிடித்து, மற்ற ஐந்து வீட்டுக்கும் வரிசையாகக் கோடு போட்டார்கள், இந்த முறை கை அகலத்துக்கு. போகும்போது தெருவே பார்க்க அவர் அக்காவிடம் சொன்னார்: "ரொம்ப நன்றிம்மா. இந்தத் தெருவுல பொறுப்பான ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அந்த ஆளின் வாயில் மண்ணை அள்ளிப் போடலாமா என்று இருந்தது எனக்கு.

தெரு அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜோதியம்மாள் வீட்டுக் கதவு அக்காவின் தலையைப் பார்த்ததும் சாத்திக்கொண்டது. பாதி வீடு போன பிறகு மீதி வீட்டில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்கிற பயமும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. ஒருநாள் என் கடைக்கு வந்து, எதிரே அந்த ஐந்து வீட்டுப் புதுக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்ககிட்ட மேப் இருக்குதுக்கா" என்றேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காங்க. உங்க சுவர் இல்லன்னாலும் கோடு போட்டுத்தான் இருப்பாங்க."

"அப்ப எனக்கு எதுக்கு நன்றி சொன்னாரு?"

நான் மெஷினில் பேப்பரைச் சரிசெய்தேன்.

போகிக்கு முந்தின நாள், பட்டப்பகலில், அக்கா சுண்ணாம்பு வாளியோடு வெளியே வந்தார். தன் வீட்டுச் சுவருக்குப் போகவில்லை. நேராக ஜோதியம்மாள் வீட்டுச் சுவரிடம் போய் அந்தப் புதுக் கோட்டின் மேல் பிரஷ்ஷை வைத்தார். சுண்ணாம்பு புடவையெல்லாம் தெறித்தது.

வாளிச் சத்தம் கேட்டு ஜோதியம்மாள் வெளியே ஓடி வந்தார். "இன்னாடி பண்றே? ஒரு தரம் சும்மா விட்டாங்க. இந்தத் தரம் கேஸ் போட்டுருவாங்க."

"கேட்டா கன்னியம்மாதான் அழிச்சான்னு சொல்லிடுக்கா."

ஒரு கை அடித்ததில் சிவப்பு மறையவில்லை. அக்கா மறுபடி வாளியில் பிரஷ்ஷை நனைத்தார்.

"ஆனா அவங்க வர்றப்ப என் பக்கத்துல நில்லுக்கா. எனக்கு ரொம்பப் பயமா இருக்குது."

அந்த நேரம் பார்த்து கூட்ரோட்டில் ஒரு ஜீப் திரும்பியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார், பிரஷ்ஷை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அது யார் ஜீப் என்று இங்கிருந்து எனக்கும் தெரியவில்லை. ஜோதியம்மாள் ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.