தைத்து முடித்த சொல்

நல்லூரில் பஸ் பஞ்சர். பனியன் கம்பெனி வாசலில் நிற்கிறேன். லாரி காத்திருக்க, உள்ளே கடைசிச் சட்டைகள் தையலில் இருக்கின்றன. ஆர்டர் பார்க்கிற பெண் போனில் ரஷ்ய மொழியில் கெஞ்சுகிறாள்: "ஷிலி, ஷிலி."

"சரக்கு ஆச்சான்னு ரஷ்யாக்காரங்க கேக்கறாங்க" என்றபடி போனை வைக்கிறாள். கேட்கிறேன்: "தைச்சாச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானேம்மா?"

"இல்லீங்கய்யா. தைச்சுட்டிருந்தோம்னா 'ஷிலி', தைச்சு முடிச்சோம்னா வேற வார்த்தைங்க. முடிச்சதுக்குப் பேரு பெர்ஃபெக்டிவ். பொய்யா அதைச் சொன்னா ஆர்டரே போயிருமுங்க."

லாரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ பாஷை கேட்டிருக்கிறேன். வேலை முடிந்ததைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்தவர்களை இப்போதுதான் அறிகிறேன்.

மிஷின் சத்தம் ஓய்கிறது. பெட்டிகள் ஏறி, லாரிக் கதவு சாத்தப்படுகிறது. அவள் மறுபடி போனை எடுக்கிறாள். இந்தத் தடவை கெஞ்சவில்லை. அதே சொல்தான், தொடக்கத்தில் 'ஷ்' மட்டும் நீள்கிறது: "ஷ்ஷிலி!"

பள்ளிக்கூடம் பார்க்காத எனக்கும் விளங்கிவிடுகிறது.