கமீலா மிஸியின் இரண்டாவது பை

கமீலா மிஸி எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம். சூறாவளி அடித்து மூன்று மாதம் முடிந்திருக்கவில்லை. எங்கள் கூரையில் பாதிக்கு ஓடு, மீதிக்குத் தென்னங்கிடுகு. நான் தலைப்பிள்ளைக்கு நாலு மாதம்.

அரசாங்க மருத்துவிச்சிகளை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். நிந்தவூரில் பாதி ஊர் கமீலா மிஸியின் பொறுப்பில் இருந்தது. பக்கத்து ஊரான காரைதீவில் இருந்த மிஸி வேறு ஊருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனதால், அங்கேயும் நாலைந்து தெருக்களை அவரே பார்த்தார். வெள்ளைச் சாரி, கறுப்புக் குடை, ஒரு தோளில் தராசும் அளவு நாடாவும் மருந்தும் வைக்கிற கறுப்புப் பை. மற்றத் தோளில் பூப்போட்ட துணிப்பை ஒன்று தொங்கியது. குழந்தைத் துணி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

என் காலை அமுக்கிப் பார்த்தார், வீக்கம் இல்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு, கீரை தின்ன வேண்டும் என்றார். பிறகு அதே குரலில், "வாசிக்கிற பழக்கம் இரிக்கா புள்ள?" என்று கேட்டார்.

"எட்டாம் வகுப்பு மட்டும் படிச்ச, மிஸி."

"படிச்சதக் கேக்கல்ல. வாசிக்கிறதக் கேட்ட."

"சாமான் சுத்தி வாற பேப்பர் வாசிப்பன்," என்றேன்.

பொய்யில்லை. சீனி சுற்றி வந்த தாளை விரித்துப் பார்க்காமல் நான் அடுப்புக்குள் போட்டதில்லை. பெரும்பாலும் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி வேறு யார் வீட்டுக்கோ பருப்போடு போயிருக்கும்.

மிஸி சிரிக்கவில்லை. துணிப்பைக்குள் கையை விட்டுக் கிளறி, மட்டை கழன்ற புத்தகம் ஒன்றை எடுத்தார். "இது துப்பறியிற கதை. பூட்டின அறைக்குள்ள ஒரு நகைக்கடைக்காரன் செத்துக் கிடக்கான். முழுசா இரிக்கி, முடிவும் இரிக்கி. அடுத்த மாசம் வருவன், யார் கொன்ற எண்டு சொல்லுங்க."

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் வீட்டு மீன் ஆணம் சட்டியோடு கரிந்துபோனது. பிறகு அதே வாரத்தில் சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. என் கணவர் அப்துல் கபூர் சவளக்கடை வயலில் இருந்து பசியோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் கரிந்த சோற்றைக் கிண்டிக் கிண்டித் தின்றார். அவருடைய உம்மா, எனது மாமி ஆமினா உம்மா, அப்படி விடுகிறவர் இல்லை. அடுத்த மாதம் மிஸி வந்த அன்றைக்கு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மகள், நீங்க மருந்து குடுக்க வாறயா, எங்கட சோத்தக் கரிக்க வாறயா?"

"பிழை என்ட பிழைதான் உம்மா," என்றார் மிஸி. "துப்பறியிற கதைய அடுப்படிக்குக் குடுத்திருக்கப்படா. இந்தத் தரம் வேற கொண்டு வந்திரிக்கன். றஹீமா வாசிக்கட்டும், நீங்க கேளுங்க."

கப்பலேறிப் போன ஒரு மனிதர் எழுதிய பயணக் கதை அது. பின்னேரம் அசர் தொழுகை முடிந்த பிறகு நான் வாசிப்பேன், மாமி பாக்கு வெட்டிக்கொண்டு கேட்பார். முதல் நாள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். நாலாம் நாள் எனக்கு முதுகு வலித்து, இன்றைக்கு வாசிக்கேலாது என்றதும், "அந்த மனிசன் காய்ச்சலோட கப்பல்ல கிடக்கான், நீ முதுகு வலி எண்டு சொல்றாய்," என்று சத்தம் போட்டார்.

கமீலா மிஸி புத்தகங்களை மருந்து மாதிரித்தான் கொடுத்தார். வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுக்கிறவளுக்குச் சமையல் புத்தகத்தைக் காட்டவே மாட்டார். இரத்த அழுத்தம் கூடினவளுக்குத் துப்பறியும் கதை கிடையாது, வீட்டுத்தோட்டம் போடுகிற புத்தகம்தான். மாமியாரோடு சண்டை பிடிக்கிறவளுக்கு நகைச்சுவைக் கதை. கணவன் வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒருத்திக்குக் கவிதைப் புத்தகம் கொடுத்து, அவள் ஒரு கிழமை அழுதுகொண்டே இருந்ததால் திரும்ப வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. "டோஸ் கூடிப்போச்சு," என்று என்னிடம் வந்து கவலைப்பட்டார். அவருக்கே பிடிக்காத வகையும் இருந்தது. அரசர் காலத்துச் சரித்திரக் கதை என்றால் முகம் சுளிப்பார். "ராஜா குதிரையால இறங்கவே நூறு பக்கம் போகுது. அதுக்குள்ள நான் ரெண்டு பிள்ள எடுத்திருவன்."

சரித்திரக் கதைகளுக்கு வக்காலத்து வாங்க காரைதீவில் ஒருவர் இருந்தார். கனகாம்பிகை என்று பெயர். அங்கே பாலர் வகுப்பு டீச்சர், கடல்தொழில் செய்கிற குடும்பம். அவருடைய பிரசவத்தையும் மிஸிதான் பார்த்தார். வாசிக்கக் கொடுத்த புத்தகத்துக்குப் பதிலாக, மிஸியின் பைக்குள் தன்னுடைய புத்தகத்தைப் போட்டுவிட்ட ஒரே ஆள் கனகாம்பிகைதான். புத்தகத்துக்குள் எழுதின கடதாசித் துண்டு ஒன்றும் வைத்திருப்பார். "இதை வாசிக்கும் சகோதரிக்கு: முதல் முப்பது பக்கம் பொறுமையாக இருங்கள். பிறகு உங்களால் கீழே வைக்க ஏலாது."

அந்தச் சகோதரி நான்தான். நானும் பதில் துண்டு எழுதினேன். "முப்பது இல்லை, அறுபது பக்கம் பொறுமையாக இருந்தேன். இளவரசி பாவம். அவளை ஏன் கட்டிக் கொடுத்தார்கள்?" அடுத்த கிழமை மறுமொழி வந்தது. இப்படியே ஐந்து வருசம். அவருடைய முகம் எனக்குத் தெரியாது. சாய்ந்த கையெழுத்தும், 'ழ'வுக்கு அவர் போடுகிற நீண்ட வாலும்தான் தெரியும். நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஏனோ எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பைக்குள் போய் வருகிற துண்டு போதுமாக இருந்தது.

எண்பத்திரண்டில் எனது இரண்டாவது பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை.

மிஸி ஒவ்வொரு நாளும் வந்தார். காய்ச்சல் பார்த்தார், மார்பில் கட்டின பாலுக்கு ஒத்தடம் கொடுத்தார். துணிப்பையைக் கொண்டு வரவேயில்லை. ஊர்ப் பெண்கள் வந்து, அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னது சரிதான், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. மூன்றாம் கிழமை மிஸி பையோடு வந்து, மெல்லிய புத்தகம் ஒன்றை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். எறும்புகளைப் பற்றிய விஞ்ஞானப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதினது.

"அழ வைக்கிற புத்தகமும் இப்ப வேணாம், ஆறுதல் சொல்ற புத்தகமும் வேணாம்," என்றார். "எனக்கு மூத்தது தங்காமப் போன நேரம் சனம் எல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லியே என்னக் கொன்ற. இது எறும்பப் பத்தி மட்டும்தான் சொல்லுது. டீச்சர்தான் தெரிஞ்செடுத்துத் தந்த."

அவருக்கும் ஒரு பிள்ளை இருந்து போனது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்தப் புத்தகத்தில் துண்டு ஏதும் இருக்கவில்லை. கனகாம்பிகை ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தார். நான் எறும்புகளைப் பற்றி வாசித்தேன். எத்தனை வகை, எப்படி வழி கண்டுபிடிக்கும், மழைக்கு முன்னால் முட்டையை எப்படித் தூக்கும். நாலைந்து நாள் கழித்து வளவுக்குள் இறங்கி, மாமரத்தடியில் குந்தி, எறும்பு வரிசை ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை போன பிறகு நான் படி இறங்கினது அன்றைக்குத்தான்.

எண்பத்தைந்து சித்திரையில் எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. யார் தொடங்கினது என்று இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்லும். எங்கள் ஆட்களும் செத்தார்கள், அவர்களுடைய ஆட்களும் செத்தார்கள். காரைதீவில் வீடுகள் எரிந்த புகை எங்கள் வளவிலிருந்து தெரிந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்று, "டீச்சர்ர வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருசமாகக் கடிதம் எழுதியும் ஒரு விலாசம் தெரியாமல் இருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

மிஸியைக் காரைதீவுக்குப் போகவேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு, தடுப்பூசி போடாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏறிப் போனார். திரும்பி வந்து, "டீச்சர் இரிக்கா. புருசனும் மகளும் இரிக்கிறாங்க. வீடு இல்ல," என்றார்.

ஆடியில் பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் நான் மிஸியோடு போவதென்று முடிவெடுத்தேன். அப்துல் கபூருக்கு விருப்பமில்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் விடிந்ததும், எங்கள் வயல் அரிசியில் பத்துக் கிலோவைக் கட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

காரைதீவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது வேலிக்குப் பின்னால் நின்று சனங்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் அரிசி மூட்டையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். மிஸி குடையை விரித்துக்கொண்டு, கிளினிக்குக்குப் போகிறமாதிரி முன்னால் நடந்தார்.

கரி படிந்த சுவரில் தகரத்தைச் சாய்த்துக் கட்டின கொட்டிலுக்கு முன்னால் மெலிந்த, உயரமான ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தார். மிஸி, "டீச்சர், இதுதான் றஹீமா," என்றார்.

அவர் எழும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் அரிசி மூட்டையைக் கீழே இறக்கி வைத்தேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

"மன்னிக்கோணும் றஹீமா. நீங்க வாசிச்சுப்போட்டு அனுப்பின புத்தகம் பதினொண்டு என்னட்ட இருந்த. எல்லாம் எரிஞ்சு போயிற்று."

வீடே போன மனுசி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அழுகை வந்துவிட்டது. அவர் உள்ளே போய்க் கொப்பித்தாள் ஒன்றை எடுத்து வந்தார். எரிந்த பதினொன்றின் பெயரையும் நினைவில் இருந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை யார் வாசிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். 'கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு.' 'கோபக்காரருக்கு.' ஒன்றுக்கு நேரே, 'முடிவு பிழை, எண்டாலும் வாசிக்கலாம்' என்றிருந்தது.

"அந்த முடிவுல என்ன பிழை?" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அவள் ஏன் திரும்பிப் போறாள்? போகப்படா."

"போகாம என்ன செய்வாள்? பிள்ள அங்க இரிக்கி!"

அங்கே நின்றபடியே வாதாடத் தொடங்கினோம். மிஸி குடையை மடக்கிவிட்டு, கவிழ்த்த உரலில் உட்கார்ந்துகொண்டார். வேலிக்கு அப்பால் நின்ற ஒரு மனுசி மெல்ல உள்ளே வந்து, என்ன கதை என்று கேட்டாள். கனகாம்பிகை அவளுக்கு முதலில் இருந்து சொன்னார். பிள்ளை அங்கே இருந்தால் போகத்தான் வேண்டும் என்று அந்த மனுசி என் பக்கம் பேசினாள். பிறகு பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அந்தத் தாளோடு கமீலா மிஸி கல்முனைக் கடைகளில் ஏறி இறங்கினார். இரண்டு வருசத்தில் ஏழு புத்தகம் திரும்பக் கிடைத்தது. நாலு கிடைக்கவேயில்லை. அந்த நாலில் ஒன்றை, முடிவு பிழை என்ற அதே கதையை, கனகாம்பிகை நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஞாபகத்தில் இருந்து எழுதி எனக்கு அனுப்பினார். வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் அவள் திரும்பிப் போகவில்லை, பிள்ளையைத் தன்னிடம் அழைப்பித்துக்கொண்டாள்.

எண்பத்தொன்பதில் மிஸிக்குப் பொலன்னறுவைப் பக்கம் மாற்றம் வந்தது. போகுமுன் தன்னிடமிருந்த புத்தகங்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு முப்பத்திரண்டு வந்தது. யார் யாருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னார். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. ஆட்களை எனக்குத் தெரியும்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து தபால் வந்தது. சுகம் விசாரித்து, தண்ணீர் சரியில்லை, நுளம்புக்கடி கூட என்று எழுதிவிட்டு, இப்படிக் கேட்டிருந்தார்: "இங்கே ஒரு பிள்ளை இருக்கிறாள். மூன்றாவது வயிற்றில். பகல் முழுக்க வயலில் நிற்கிறாள். நாலு பக்கத்துக்கு மேல் வாசிக்க நேரமில்லை என்கிறாள். அவளுக்கு எதைக் கொடுக்கலாம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்களும் டீச்சரும் யோசித்து அனுப்புங்கள்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். கனகாம்பிகை சிறுகதைப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். நான் நகைச்சுவைத் துணுக்குகள் கொண்ட ஒன்றைச் சொன்னேன். மூன்று கிழமையாகக் கதைத்தும் ஒத்துவரவில்லை. கடைசியில் இரண்டையும் ஒரே பார்சலாகக் கட்டி, கல்முனைத் தபால் கந்தோரில் சேர்த்துவிட்டு வந்தோம்.