என் கையைப் பார்த்துப் பாடிய நாள்

கொழும்பில் இசைக்குழு நடத்தப் படித்துவிட்டு வந்தவன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் உள்ள மாதா கோயில் பாடகர் குழுவுக்கு, பழைய பாட்டுகளை இரண்டு குரலாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். ஒரு கீபோட், இரண்டு வயலின், கரைவலை இழுக்கிற இருபது ஆண்கள். எல்லாரும் தாளைப் பார்த்தே பாடினார்கள். முன்னால் நின்று கை வீசிய என்னை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

திருநாளன்று பூசைக்குச் சற்று முன் தாள்களை வாங்கி அலுமாரியில் பூட்டினேன். "எல்லாம் பாடம்தானே. இனிக் கண் என்ர கையில இருக்கவேணும்," என்றேன்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில், இடப்பக்கத்தார் இன்னும் பெருக்கிப் பாடட்டும் என்று இடது கையை உயர்த்தினேன். பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பதறிப்போய் வலது கையையும் தூக்கினேன். மற்றப் பத்துப் பேரும் நின்றார்கள். பாதர் பீடத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்ததும், குழுவில் அடிக்குரல் பாடும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு சண்டைக்குப் போனேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "மாஸ்டர், கரையில ரெண்டு பக்கமா நிண்டு வலை இழுக்கேக்க ஒரு பக்கம் முந்தினா அந்தப் பக்கத்துக்குக் கை தூக்குவம். தூக்கினா நிக்கவேணும். நீங்கள் ரெண்டு பக்கத்துக்கும் தூக்கினீங்கள்."

அடுத்த திருநாளுக்குத் தாள்களை நானே பங்கிட்டுக் கொடுத்தேன். இப்போது என்னை ஒருவரும் பார்ப்பதில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஊரில் கதை.