ஜீவராணி வீணடித்த பிலிம் ரோல்

என் தம்பி பொண்டாட்டி ஜீவராணி எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், எங்கள் காம்பிராவுக்குள் ஒருதரம் கால் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். தெரணியகலைக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை, முன்னால் திண்ணை மாதிரி ஒடுங்கின ஓர் இஸ்தோப்பு. அந்த நாளில் அதற்குள் அப்பா, அம்மா, தம்பி கிருஷ்ணராஜ், அவன் பொண்டாட்டி, கல்யாணம் ஆகாமல் முப்பத்தெட்டு வயதுவரை நின்றுபோன நான் என்று ஐந்து பேர். இது போதாதென்று துரை பங்களாவில் கழித்துப்போட்ட திரைச்சீலை, மூடி இல்லாத பிஸ்கட் டின், கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை, யாரோ கட்டிக் கிழித்த சேலைகள். மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து காலை நீட்டலாம் என்றால், நீட்டிய இடத்தில் ஏதாவது ஒன்று டங்கென்று விழும்.

தொண்ணூற்று நான்கில் குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மருமகளாக வந்தாள். கொண்டுவந்த தகரப் பெட்டியில் பாதிக்கு மேல் பழந்துணி. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாவனல்லை ஜுனைதீன் நானா பழைய சாமான்களைச் சாக்கில் பரப்பிப் போட்டிருப்பார். ஊரே கருவாடும் வெங்காயமும் வாங்கிக்கொண்டிருக்க, இவள் அங்கே போய்க் குந்திவிடுவாள். ஒன்றை எடுப்பாள், வெயிலில் பிடிப்பாள், கண்ணைச் சுருக்குவாள், திரும்ப வைப்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கால் கடுக்க நிற்பேன்.

“மதினி, இந்தப் பச்சையப் பாருங்களேன். பாசி புடிச்ச கல்லு மாதிரி இல்ல?”

“பாசி புடிச்ச கல்லு நம்ம பீலித் தண்ணி விழுற எடத்துலயே கெடக்கு. அதப் போயி பாரு, சும்மா பாக்கலாம்.”

அவள் சிரித்துவிட்டு அந்தப் பச்சைத் துணியை வாங்கிவிடுவாள்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. அவள் கண்ணில் ஏதோ இருந்தது. அந்தக் கிழிசல்களை வெட்டி ஒட்டுப்போட்டு வாசலுக்குத் திரை தைத்தாள். புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் பழுப்புக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்னின் மஞ்சளை வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்தாள். எந்த லயத்திலாவது ஒரு பெண் சமைந்தால் சடங்குக்குச் சோடிக்க, கல்யாணம் என்றால் மணவறை கட்ட, கீழ் டிவிஷனிலிருந்துகூட ஆள் தேடி வந்தது. காலை ஆறு மணிக்குப் பிரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவள், பின்னேரம் முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கே போவாள். “ஒடம்பெல்லாம் வலிக்குது மதினி” என்று சொல்லிக்கொண்டேதான் போவாள். போகாமல் மட்டும் இருக்கமாட்டாள்.

பிறகு ஒரு கமரா வந்தது. அதுவும் ஜுனைதீன் நானாவின் சாக்கிலிருந்துதான். வார் அறுந்து நூலால் கட்டியிருந்தது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ரோல் வாங்குவதே எங்களுக்குப் பெரும்பாடு என்பதால், ஒன்றை மாதக்கணக்கில் வைத்திருப்பாள். மற்றவர்கள் கையில் கமரா இருந்தால் ஆளைப் பிடிப்பார்கள். இந்த மகராசி துணியைப் பிடித்தாள். எந்தத் துணியோடு எந்தத் துணி சேரும் என்று வெட்டுவதற்கு முன்னாலேயே படமாக எடுத்துவைத்தால், சோடிக்கக் கூப்பிட வருகிறவர்களிடம் காட்டலாமாம்.

எங்கள் காம்பிராவுக்குள் பகலிலும் வெளிச்சம் கிடையாது. வாசலில் துணியை விரித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அகப்பட்டவர் அப்பா. நாற்பது வருசம் பால் வெட்டி ஓய்ந்தவர் வேலுசாமி. மருமகள் கேட்டால் மறுபேச்சுக் கிடையாது. இரண்டு கையையும் உயர்த்தித் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“கொஞ்சம் ஒசத்துங்க மாமா.”

“இம்புட்டு போதுமா தாயி?”

“அவரென்ன துணி காயப்போடுற கொடியா? ஒக்காரட்டும், விடு ராணி” என்று நான் கத்துவேன். இரண்டு பேரும் காதில் வாங்கமாட்டார்கள்.

தொண்ணூற்று எட்டு ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா தேத்தண்ணி கேட்டார். அது வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் ஞாபகம் வந்தது, பதினாறாம் நாள் கருமாதிக்கு வைக்க அப்பாவின் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கென்றால் அடையாள அட்டை இருக்கும், அதிலுள்ள முகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அதுவும் கிடையாது. ஒரு காலத்தில் இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் போட்டார். நாட்டில் சண்டை தொடங்கிக் கப்பல் நின்றுபோனது. அந்த நாட்டுக்காரனாகவும் இல்லை, இந்த நாட்டுக்காரனாகவும் இல்லை என்று இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். விண்ணப்பத்தோடு அனுப்பிய ஒரே படமும் திரும்பி வரவில்லை.

“ராணி, ஒன் ரோல்ல எங்கப்பா இருக்காரா?” என்று கேட்டேன்.

அவள் அழுது வீங்கிய கண்ணோடு கமராவைக் கையில் எடுத்தாள். “ரோல் ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சிருச்சு மதினி. மாமா இருக்காங்க. மொகம் விழுந்திருக்குமான்னு தெரியல.”

தெரணியகலை ஸ்டூடியோவில் கொடுத்தோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். ஒரு மூலையிலாவது முகம் இருக்கட்டும், பாதி முகமாவது இருக்கட்டும்.

படங்கள் வந்தன. ஸ்டூடியோ முதலாளி மாத்தயா மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். பச்சைத் துணி, சிவப்புக் கரை போட்ட சேலை, பங்களாத் திரைச்சீலை, பிஸ்கட் டின் வரிசை. துணி இருந்த எல்லாப் படத்திலும் அப்பா இருந்தார். மேலே விளிம்பைப் பிடித்த விரல்கள், கீழே இரண்டு பாதங்கள். நடுவில் துணி. முகம் முழுக்கத் துணிக்குப் பின்னால். கடைசிப் படத்தில் மட்டும் துணி இல்லை. வாளியோடு, தலை கலைந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் வருகிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் தெரியவில்லை. “முப்பத்தாறு படம்டி! டின்னுக்கு ஒண்ணு, கந்தலுக்கு ஒண்ணு, என் கரிமூஞ்சிக்கு ஒண்ணு. என்னப் பெத்த அப்பனுக்கு ஒண்ணு இல்லையா?” என்று கடையில் வைத்தே கேட்டுவிட்டேன். ஜீவராணி படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள். தம்பி என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

ஸ்டூடியோ மாத்தயா நல்ல மனுசன். எங்களை விட்டுவிடாமல் பின்னாலேயே வந்து ஒரு வழி சொன்னார். கிருஷ்ணராஜுக்கு அப்பாவின் சாடை அப்படியே இருக்கிறதாம். அவனை எடுத்து, தலைமுடியை வெள்ளையாக்கி, கன்னத்தில் இரண்டு கோடு போட்டுத் தருகிறாராம். பல பேருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறாராம். தம்பி சரி என்றான். நானும் சரி என்றேன். முகமில்லாமல் கருமாதி வைப்பதற்கு அது தேவலை என்று தோன்றியது.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா மூக்காயி எழுந்து நின்றுவிட்டாள். “உசுரோட இருக்கிற புள்ள மூஞ்சிக்கி மாலை போடச் சொல்றீங்களா? ஒங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சா?”

பிறகு படக் கட்டை வாங்கி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிவப்புக் கரைச் சேலைப் படத்தை எடுத்து மடியில் வைத்தாள். அதில் பாதங்கள் தெளிவாக இருந்தன. அட்டை கடித்த தழும்பும், மண்வெட்டி பட்டு நகம் போன பெருவிரலும்கூடத் தெரிந்தன.

“இதப் பெருசு பண்ணிட்டு வாங்க. நான் கும்புட்டது இந்தக் காலைத்தான்” என்றாள்.

அப்படித்தான் கருமாதி நடந்தது. சுவரில் ஒரு சேலைப் படம், அதற்கு மாலை. வந்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அப்பாவோடு ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்த கிழவர்கள் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். “வேலுசாமி காலுதான், வேற யாருக்கு இப்படி அகண்டு கெடக்கும்” என்றார் ஒருவர். பூவைப் படத்தின் அடியில், பாதத்துக்கு நேராக வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போனபிறகு சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். படங்கள் வந்த நாளிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசாத நான், அப்போதும் அடங்கவில்லை.

“அந்தக் கடைசிப் படமாவது அவருக்கு எடுத்திருக்கலாம்ல? என்னை எதுக்கு எடுத்த?”

ஜீவராணி கையிலிருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் சொன்னேன் மதினி. ஒண்ணு மிச்சம் இருக்கு, துணியக் கீழ வைங்க, ஒங்கள எடுக்கிறேன்னு. மாமாதான் வேணாம்னாங்க. எனக்கெதுக்கு தாயி, பெரியவ ஞாயித்துக்கெழமையும் விடாம கைக்காசு வேலைக்குப் போனவ இப்ப வந்துருவா, அவள எடுன்னாங்க. மாப்பிள்ள வீட்டுக்குக் காட்டன்னு ஒரு படம் எடுத்துவைக்காமலே அவ வயச நான் வீணாக்கிட்டேன், இனிமே யாரும் கேக்காட்டியும் இருக்கட்டும்னாங்க.”

நான் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். களைத்துப்போன ஒரு பொம்பளை, வாளியோடு, யாரையோ திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி வருகிறாள்.

“கொஞ்சம் சிரின்னாவது சொல்லியிருக்கலாம்ல நீ” என்றேன்.

“சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமா விடல. அவ மூஞ்சி அதுதான், அப்படியே எடுன்னாங்க.”

பதினாறு நாளாக வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.